மூப்பர் பேர் கொடுத்த நாள்

வரிசையில் கடைசியாகத் தங்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து மழையில் நடந்து வந்திருந்தாள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் வாழையிலையில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். அதை மட்டும் நனையவிடாமல் மாரோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வேதக்கோயிலின் பக்கத்து அறை அது. ஒரு மேசை, அதன் பின்னால் அப்பா. நான் ஜன்னலோரம் விளக்குக் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து என்ன பயன், ஜப்பான் காலம், எண்ணெய் கிடையாது. ஆனாலும் சனிக்கிழமை என்றால் துடைக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம்.

"யார்மேலயாவது மனஸ்தாபம் உண்டாம்மா?" என்று அப்பா கேட்டார்.

"இல்ல மூப்பரே."

"உன்மேல யாருக்காவது உண்டா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

அதோடு அவள் போயிருக்க வேண்டும். போகவில்லை. "ஒண்ணு கேக்கலாமா மூப்பரே? மூணு மாசம்னு சொன்னீங்கல்ல. அது தாண்டி மழைக்காலமும் வந்திருச்சு. அவரு எப்ப வருவாரு?"

அப்பா தலை நிமிரவில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அவரையே பார்த்தேன்.

தங்கையின் போன்

போன வாரம் இந்தத் தொடரில், ஜப்பான் காலத்தில் அப்பா ரயில்வே அதிகாரிகளுக்கு மொழிபெயர்த்தார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போனேன். பத்திரிகை வந்த அன்றே தங்கை போன் போட்டாள். "அக்கா, அதோட நிறுத்திக்கோ. மேல எழுதாதே" என்றாள்.

அவள் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நிறுத்தியிருப்பேன். எழுதாதே என்றதும்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்கள் வீட்டுப் பெண்களின் புத்தி அப்படி.

இன்னொரு காரணமும் உண்டு. இப்போதெல்லாம் ஜெபக் கூட்டங்களில் சாட்சி சொல்கிறார்கள். நான் குடிகாரனாக இருந்தேன், சூதாடினேன், அப்புறம் ரட்சிக்கப்பட்டேன் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள். சொல்லி முடித்ததும் எல்லோரும் கை தட்டுகிறார்கள். எனக்கு உள்ளுக்குள் எரியும். பாவத்தைச் சொன்னவருக்குக் கைத்தட்டல் கிடைத்தால் அது என்ன அறிக்கை? நான் என் கண்ணால் பார்த்த பாவ அறிக்கை ஒன்றே ஒன்றுதான். அதற்கு யாரும் கை தட்டவில்லை.

பேர் கொடுப்பது

இளைய வாசகர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் சபையில் நினைத்தவுடன் திருவிருந்தில், அதாவது பீடத்தில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவதில், கலந்துகொள்ள முடியாது. முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்கு வந்து, போதகர் முன்னால் நின்று, 'நாளை நான் வருகிறேன்' என்று பேர் கொடுக்க வேண்டும். அவர் இரண்டே கேள்வி கேட்பார். யார்மேலாவது உனக்கு மனஸ்தாபம் உண்டா? உன்மேல் யாருக்காவது உண்டா? இரண்டுக்கும் இல்லை என்றால் நாளை வரலாம். உண்டு என்றால், போய்ச் சரிசெய்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

முதல் கேள்வி சுலபம். நம் மனசு நமக்குத் தெரியும், மறைக்கவும் தெரியும். இரண்டாவது கேள்விதான் ஆளைப் பிடிக்கும்.

எங்கள் போதகர் வெள்ளைக்காரர். நாங்கள் அவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். எங்களைவிடச் சுத்தமான தமிழ் பேசுவார். ஒருமுறை ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீட்டுக்காரிகள் இரண்டு பேர் ஒரு கோழிக்காகச் சண்டை போட்டுக்கொண்டு, அடுத்தடுத்து நின்று மனஸ்தாபம் இல்லை என்று பேர் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஐயர் இருவரையும் திரும்பக் கூப்பிட்டு, "அந்தக் கோழி இப்பொழுது யாரிடத்தில் இருக்கிறது?" என்று கேட்டார். ஒருத்தி அழுதாள், இன்னொருத்தி சிரித்தாள். மறுநாள் இருவரும் ஒன்றாக வந்தார்கள். கோழி அதற்குள் குழம்பாகியிருந்தது என்பது வேறு கதை.

ஜப்பான்காரன் வந்ததும் ஐயரைச் சிங்கப்பூர்ச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போகும்முன் அவர் அப்பாவின் கையைப் பிடித்து, நான் வரும்வரை சபையை நீர் பாரும் என்று சொல்லி, திருவிருந்து கொடுக்கும் பொறுப்பையும் ஒப்படைத்துவிட்டுப் போனார். போர்க்காலத்தில் அப்படித்தான் நடந்தது. அப்பா ரயில்வே சரக்கு ஆபீஸில் கிளார்க், சபையில் மூப்பர். அன்றிலிருந்து மேசைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்தார், கேள்விகளை அவர் கேட்டார். அவரிடம் கேட்க யாரும் இல்லை.

லோரியில் போன நாள்

கிள்ளானைத் தாண்டி, பந்திங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சின்ன ஜெபவீடு உண்டு. சண்டைக்கு முன்னால் அப்பா மாதம் ஒருமுறை அங்கே பிரசங்கம் பண்ணப் போவார். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், நாலைந்து குடும்பம்தான். ஆனால் தோட்டமே அவரை மூப்பர் என்றுதான் கூப்பிடும். பொய் பேசாத மனுஷன் என்று பேர்.

அந்தப் பேர் எப்படியோ ஆபீஸிலிருந்த ஜப்பான் அதிகாரியின் காதுக்குப் போயிருக்கிறது. ஒருநாள் காலையில் அப்பாவை லோரியில் ஏற்றிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனார்கள். வடக்கே சயாம் நாட்டில் ரயில் பாதை போட ஆள் வேண்டும். அதிகாரி மலாயில் சொன்னதை அப்பா தமிழில் சொல்ல வேண்டும். மூன்று மாத வேலை, அரிசி உண்டு, சம்பளம் உண்டு, முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்து விடுவோம். அவ்வளவுதான் அவன் சொன்னது. அப்பாவும் அவ்வளவுதான் சொன்னார்.

ஜனங்கள் அசையவில்லை. அப்போது முன்வரிசையில் நின்ற யாக்கோபு கேட்டான். தங்கம்மாளின் புருஷன். ஜெபவீட்டில் தபேலா வாசிக்கிறவன்.

"மூப்பரே, அவன் சொல்றது கெடக்கட்டும். நீங்க சொல்லுங்க. இது நெசமா?"

அப்பாவுக்குத் தெரியாது. யாருக்குத்தான் தெரியும்? தெரியாது என்று சொல்லியிருக்கலாம், சும்மா நின்றிருக்கலாம். அப்பா சொன்னார்: "நெசம்தான்யா. நான் சொல்றேன்ல."

இதை அதிகாரி சொல்லச் சொல்லவில்லை. அவனுக்குத் தமிழே புரியாது. யாக்கோபு லோரியில் ஏறினான், அவன் பின்னால் மற்றவர்களும் ஏறினார்கள்.

இவ்வளவும் எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் தெரிந்தது. அப்பா அதுவரை வீட்டில் மூச்சு விட்டதில்லை. சாப்பாட்டின் முன்னால் நீளமாக ஜெபம் பண்ணுகிறவர் கொஞ்ச நாளாகச் சுருக்கிக்கொண்டார் என்பதை மட்டும் கவனித்திருந்தேன். பசியினால் என்று நினைத்தேன்.

அடுப்படியில்

தங்கம்மாளுக்குப் பதில் சொல்லாமலேயே அப்பா எழுந்துவிட்டார். ராத்திரி தங்குவதற்கு அவள் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். வந்ததும் அந்தப் பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்தாள். உள்ளே அரிசி. சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி கோயிலுக்கென்று எடுத்துவைப்பது எங்கள் பெண்களின் வழக்கம். சமைக்கவே அரிசியில்லாத காலத்தில் இவள் எதிலிருந்து எடுத்துவைத்தாள் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. "எனக்கு ஒருத்திக்குத் தானேக்கா, மிச்சம் ஆயிருச்சு" என்றாள்.

திருவிருந்துக்கு அப்பம் செய்வது அம்மா. கோதுமை மாவைக் கண்ணால் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. மரவள்ளிக்கிழங்கு மாவுதான். திராட்சை ரசத்துக்குக் காய்ந்த திராட்சை. அதே திராட்சையைத் திரும்பத் திரும்ப ஊறவைத்து, கடைசியில் வெறும் நிறம் மட்டும்தான் இறங்கியது. கிழங்கு மாவு அப்பம் கையில் எடுத்தால் உதிரும். அன்று தங்கம்மாளின் அரிசியை இடித்துச் சேர்த்ததும் மாவு நன்றாகப் பிடித்துக்கொண்டது. அவளே உட்கார்ந்து பிசைந்தாள்.

அவள் குழாயடிக்குக் குளிக்கப் போன நேரத்தில், நானும் அம்மாவும் இருந்த அடுப்படிக்கு அப்பா வந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு, "நாளைக்குக் கோயில்ல எல்லாருக்கும் முன்னால சொல்லப் போறேன்" என்றார்.

அம்மா அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவகிட்ட தனியாச் சொல்லுங்க. அப்படித்தான் செய்யணும்."

"நான் தனியாவா பொய் சொன்னேன்? ஊரே நிக்கும்போது சொன்னேன்."

"எதைப் போய்ச் சொல்லப் போறீங்க? ஜப்பான்காரன் ஏமாத்திட்டான்னா? நம்ம சபையிலயே காது இருக்கு, தெரியும்ல. நீங்க சொல்லிட்டு நிம்மதியாச் செத்துப்போயிடுவீங்க. அப்புறம் கெம்பித்தாய்காரனுக்கு நானும் இந்தப் பிள்ளைங்களும்தான் பதில் சொல்லணும்."

கெம்பித்தாய் என்றால் ஜப்பானிய ராணுவப் போலீஸ். அவர்கள் விசாரிக்கக் கொண்டுபோனவர்கள் நகம் இல்லாமல் திரும்பி வந்த காலம். எங்கள் சபையில் ஒருவர் அவர்களுக்குச் சேதி சொல்கிறார் என்று பேச்சு இருந்தது. அது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அதனால் யாரையும் யாரும் முழுசாக நம்புவதில்லை.

அப்பா திரும்பி வாசற்படிவரை போனார். அம்மா தோற்கடித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "நீ சொல்றது சரிதான். ஜப்பான்காரனைப் பத்தி நான் பேசக் கூடாது. அவன் பொய்யை அவன் பார்த்துக்குவான். நான் சேர்த்த வார்த்தையை மட்டும் சொல்றேன்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகையினால் என்று சொன்னாள். பிறகு, "பயத்துல சொன்னதுதானேங்க? யாரா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க" என்றாள்.

"நானும் அப்படித்தான் என்னைத் தேத்திக்கிட்டு இருந்தேன்" என்றார் அப்பா. "பயம் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா அது பாதிதான். அவ்வளவு பேரும் அவனை விட்டுட்டு என் மூஞ்சியப் பார்த்தாங்க பாரு, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அப்பாவை நான் மிகவும் நேசித்தது அந்த நிமிஷத்தில்தான். அதே நிமிஷத்தில் அவர்மேல் கோபமும் வந்தது. இரண்டும் இன்றைக்கும் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை

ஆராதனை முடிந்து திருவிருந்துக்குப் போக வேண்டிய நேரம். பீடத்தில் அம்மாவின் அப்பம் வெள்ளைத் துணி மூடி இருந்தது. அப்பா பீடத்துக்குப் போகாமல் கீழே இறங்கினார். பெண்கள் பக்கம் வந்து, தங்கம்மாள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு முன்னால் நின்றார். அவள் பதறிக்கொண்டு எழுந்தாள்.

"நான் பேர் குடுக்க வந்திருக்கேன்" என்றார் அப்பா. "எனக்கு இங்க கேள்வி கேக்க ஆள் இல்ல. நீங்கதான் கேக்கணும்."

அவர் தங்கம்மாளை நீங்க என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அவள் ஒன்றும் புரியாமல் விழித்தாள். அப்பாவே சொன்னார். "அன்னைக்குத் தோட்டத்துல எனக்குச் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அது என் வேலை. அதுக்கு மேல யாக்கோபு என்னைக் கேட்டப்ப, நெசம்னு சொன்னேன். எனக்குத் தெரியாததைத் தெரியும்னு சொன்னேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லல. அவரு எப்ப வருவாருன்னு நேத்துக் கேட்டீங்க. எனக்குத் தெரியாதும்மா. அன்னைக்கும் தெரியாது."

வெளியே ரயில் ஒன்று ஷண்டிங் பண்ணிக்கொண்டிருந்தது. பெட்டியோடு பெட்டி இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

தங்கம்மாள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். பரவாயில்ல மூப்பரே என்று சொல்லிவிடுவாள் என்றும் எதிர்பார்த்தேன். தோட்டத்துப் பெண்கள் பெரியவர்களிடம் அப்படித்தான் சொல்வார்கள். அப்பாவும் அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தார் என்று பிற்பாடு சொன்னார்.

அவள் அப்படிச் சொல்லவில்லை.

"நீங்க சொன்னதாலதான் போனாரு" என்றாள். "ஜப்பான்காரன் சொல்லியிருந்தா காட்டுக்குள்ள ஓடியிருப்பாரு. போகும்போதுகூட, மூப்பரே சொல்லிட்டாரு, அழாதேன்னுதான் சொன்னாரு."

அப்புறம் அப்பாவை நேராகப் பார்த்தாள். "நேத்து யார்மேலயும் மனஸ்தாபம் இல்லன்னு பேர் குடுத்தேன். நேத்து இல்ல. இப்ப இருக்கு. என் பேரை எடுத்துருங்க மூப்பரே."

"சரிம்மா" என்றார் அப்பா. "என் பேரும் இல்ல."

அன்றைக்குத் திருவிருந்து நடக்கவில்லை. அப்பா போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். யாரோ ஒருவர் தட்டுத்தடுமாறி ஒரு கீர்த்தனையைத் தொடங்கினார், பாடி முடித்துக் கலைந்தோம். வெளியே நாலு பேர் அப்பாவைச் சூழ்ந்துகொண்டு, இதையெல்லாம் கோயிலில் பேசலாமா, சபைக்கு ஆபத்து வராதா என்று சத்தம் போட்டார்கள். பயம் நியாயமானதுதான். பல வாரங்கள் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்தோம். யாரும் வரவில்லை. ஜப்பான்காரனைப் பற்றி அப்பா ஒரு வார்த்தையும் குறை சொல்லாததால் தப்பித்தோம் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜெபம் பண்ணாத அப்பம் வெறும் கிழங்கு அடைதான். அம்மா அதை இலையில் சுற்றி, வாசலில் நின்ற தங்கம்மாளிடம் தயங்கித் தயங்கி நீட்டினாள்.

"குடுங்கக்கா, வழியில பசிக்கும்" என்று வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். அப்பா நின்ற பக்கம் திரும்பவில்லை.

சண்டை முடிந்த பிறகு

அதன் பிறகு அப்பா மேசைக்குப் பின்னால் உட்காரவே இல்லை. இன்னொரு மூப்பர் பொறுப்பெடுத்துக்கொண்டார். மாதந்தோறும் மற்றவர்கள் திருவிருந்துக்கு எழுந்து போகும்போது அப்பா கடைசிப் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். முடிந்தபோதெல்லாம் பந்திங் தோட்டத்துக்குச் சைக்கிளில் போவார். தங்கம்மாள் சில தடவை பேசுவாள், சில தடவை கதவைத் திறக்க மாட்டாள். அவர் வாசலில் விறகு பிளந்து போட்டுவிட்டு வருவார். பேசினாளா என்று அம்மா கேட்பாள். "இன்னைக்கு இல்ல" என்பார்.

சண்டை முடிந்தது. லோரியில் போனவர்களில் ஒரே ஒருவர்தான் அந்தத் தோட்டத்துக்குத் திரும்பி வந்தார். காலெல்லாம் புண். யாக்கோபு காலராவில் போய்விட்டான் என்ற சேதியை அவர்தான் கொண்டுவந்தார். போன கொஞ்ச நாளிலேயே நடந்துவிட்டதாம். தங்கம்மாள் மழையில் நனைந்துகொண்டு வந்து அவரு எப்ப வருவாரு என்று கேட்டபோதே அவன் இல்லை.

ஐயரும் சிறையிலிருந்து வந்தார். ஆளைப் பார்த்ததும் எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை, அங்கி மட்டும் நடந்து வருகிற மாதிரி இருந்தது. வந்த வாரமே சனிக்கிழமை மேசை போட்டு உட்கார்ந்தார். அப்பா கடைசியாகப் போய் நின்றார். நான் வழக்கம்போல ஜன்னலோரம் இருந்தேன்.

"உம்முடைய பேரில் யாருக்காவது மனஸ்தாபம் உண்டா?" என்று ஐயர் கேட்டார்.

"உண்டு ஐயா" என்று அப்பா நடந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டுத் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். கதவுக்கு வெளியே வெள்ளைச் சேலையில் தங்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளை வரச் சொல்லியிருக்கவில்லை.

"அவரு சொன்னது நெசம்தான் ஐயா" என்றாள் அவள். "இன்னும் இருக்கு. போயிருச்சுன்னு சொன்னா அது பொய். ஆனா முந்தி மாதிரி இல்ல." கதவுப்படியில் கால் வைத்து, "எனக்கும் வரணும்போல இருக்கு. இப்படியே வரலாமா?" என்று கேட்டாள்.

ஐயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் இன்று எல்லாரையும் கேட்டேன். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை" என்றார். "கேட்டிருந்தால் இல்லை என்று என்னால் சொல்லியிருக்க முடியாது. அந்தச் சிறையின் காவலர்கள்மேல் எனக்கு இன்னும் இருக்கிறது. மூவரும் உள்ளதைச் சொல்லிவிட்டோம். மூவரும் நாளை வருவோம்."

மறுநாள் அம்மா கோதுமை அப்பம் செய்திருந்தாள். பட்டாளத்துக்காரர்கள் கொடுத்த மாவு. எங்கள் கோயிலில் பீடத்துக்கு முன்னால் வலப்பக்கம் ஆண்களும் இடப்பக்கம் பெண்களும் நடுவிலிருந்து வரிசையாக முழங்கால் போடுவார்கள். ஆண்கள் பக்கத்தில் முதல் ஆளாக அப்பா போய் முழங்கால் போட்டார். பெண்கள் பக்கத்தில் தங்கம்மாள் முதலில் வந்தாள். வழக்கப்படி அவர் பக்கத்தில் நெருங்கி முழங்கால் போட வேண்டும். அவள் இன்னும் ஓர் ஆள் முழங்கால் போடும் அளவுக்கு இடம் விட்டுத் தள்ளி முழங்கால் போட்டாள்.

பின்னால் வந்தவர்களில் ஒருவரும் அந்த இடத்துக்குப் போகவில்லை. ஐயர் அப்பத்தட்டோடு வந்து அப்பாவுக்குக் கொடுத்தார். அடுத்த அடி வைத்தவர், அந்த வெறும் இடத்துக்கு முன்னால் தலைகுனிந்து கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம்தான் தங்கம்மாளிடம் போனார்.